யுத்தகாலச் சென்னையில் செய்தியும் மௌனமும்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முற்பகுதியில் சென்னைப் பட்டணம் காலியாயிற்று. 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று, கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களின்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின என்ற சமாசாரம் எட்டியதுதான் தாமதம், டிக்கெட் கிடைத்தவர்கள் ரயிலிலும் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியிலுமாக, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உற்றார் உறவினர் இருந்த ஊர்களை நோக்கிப் புறப்பட்டுவிட்டார்கள். அவசிய வேலையில்லாதவர்கள் நகரத்தை விட்டு விலகியிருப்பதே நல்லதென்று சர்க்காரும் சொல்லிற்று. தன்னுடைய இலாகாக்களை உள்நாட்டு நகரங்களுக்கு அனுப்பிற்று. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடுமென்று மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. வங்காள விரிகுடாவில் புகுந்த ஜப்பானியக் கப்பற்படையோ கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிவிட்டுக் கிழக்கே திரும்பிப் போயிற்று. சென்னைக் கரையை அது நாடவே இல்லை.

இத்தனை பெரிய பீதிக்கு ஜனங்களுடைய கோழைத்தனமே காரணமென்றும், வதந்தி பரப்பியவர்களே குற்றவாளிகளென்றும் அக்காலத்து அதிகாரிகள் நம்பினார்கள். பிற்பாடு எழுதியவர்களிலும் பலர் அப்படியே எழுதிவிட்டார்கள். யுத்தகாலப் பிரசாரம் என்றதும் சுவரொட்டிகளும் மேடைப் பிரசங்கங்களும் வானொலி முழக்கங்களுமே நம் நினைவுக்கு வருகின்றனவாதலால், அந்தப் பிரசாரத்தின் பெரும்பகுதி சொல்லாமல் விட்டதில் அடங்கியிருந்தது என்பதை நாம் எளிதில் கவனிப்பதில்லை. சென்னை ராஜதானியில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது நடந்ததை ஆராய்ந்தால், சர்க்கார் கூறிய பொய்களைக் காட்டிலும் அது கடைப்பிடித்த மௌனமே ஜனங்களின் நம்பிக்கையைக் குலைத்தது என்பதும், நம்பிக்கை குலைந்த இடத்தில்தான் வதந்தி குடியேறிற்று என்பதும் தெளிவாகப் புலப்படும்.

அந்த மௌனம் யுத்தத்தின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1939 செப்டம்பர் 3-ந் தேதி, இந்தியாவும் யுத்தத்தில் இருக்கிறதென்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு பிரகடனம் செய்தபோது, இந்தியத் தலைவர்களில் ஒருவரைக்கூட அவர் கலந்துகொள்ளவில்லை. இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் அமலுக்கு வந்தன. ராஜாஜியின் மந்திரிசபை அவ்வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் ராஜினாமாச் செய்தது. ராஜதானியின் ஆட்சி கவர்னர் கைக்குப் போயிற்று. யுத்தத்துக்கு விரோதமாகப் பேசுவதும் எழுதுவதும் குற்றமாயின. 1940 அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியபோது அவர் கோரியது வரிக்குறைப்போ பதவியோ அல்ல. ஆளாலும் பொருளாலும் இந்த யுத்தத்துக்கு உதவ வேண்டாமென்று வாயினால் சொல்லும் உரிமை ஒன்றே. இரண்டு வருஷங்களுக்கு மேல் இம்மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த ராஜாஜி அந்த உரிமையைக் கேட்டதற்காக அவ்வருஷம் டிசம்பரில் சிறை சென்றார் என்பதை எண்ணும்போது, அன்று வாய்ப்பூட்டு எவ்வளவு இறுக்கமாகப் போடப்பட்டிருந்தது என்பது விளங்கும்.

பத்திரிகைகளின் நிலைமை அதைவிடச் சிக்கலானது. நேரான தணிக்கையோடு, ஆலோசனை என்ற பெயரால் வந்த கட்டளைகளும், மூடிவிடுவோம் என்ற எச்சரிக்கைகளும் சேர்ந்துகொண்டன; நியூஸ்பிரிண்ட் காகிதத்துக்கு ஏற்பட்ட பஞ்சமும் கட்டுப்பாடும் பக்கங்களைச் சுருக்கின. 1940-இல் 'ஹிந்து' ஆசிரியர் கஸ்தூரி சீனிவாசன் தலைமையில் அகில இந்தியப் பத்திரிகாசிரியர் மகாநாடு கூடியதற்கு இந்த நெருக்கடியே காரணம். ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு வரம்பை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகச் சர்க்காரின் கெடுபிடியைத் தளர்த்தப் பார்த்தார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகையே இல்லாமற் போவதைவிடப் பாதிச் செய்தியோடாவது அது வெளிவருவது மேல் என்று அவர்கள் கருதியிருக்கலாம்; ஆனால் அச்சில் வருவது பாதியே என்பதை வாசகர்களும் அறிந்துகொண்டு, மற்றப் பாதியை வேறிடத்தில் தேடத் தொடங்கினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

யுத்த நிதி வசூல் ஒரு பக்கம் நடந்தது. சென்னை ராஜதானியின் நன்கொடையைப் பாராட்டி, பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆவது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரஸிடென்ஸி' என்ற பெயரே சூட்டப்பட்டது. தஞ்சாவூர் மிராசுதார் கொடுத்ததும் மதுரை வியாபாரி கொடுத்ததும் இங்கிலாந்தின் வானத்தில் பறந்தன என்று பெருமையோடு விளம்பரம் செய்தார்கள். கலெக்டரும் தாசில்தாரும் முன்னின்று வசூலிக்கும் நிதியில் எவ்வளவு மனமுவந்து கொடுத்தது, எவ்வளவு மனங்கசந்து கொடுத்தது என்பது அந்த விளம்பரத்தில் இடம்பெறக்கூடிய விஷயமல்லவே!

வானொலி அப்போது புதிது. சென்னையில் கார்ப்பொரேஷன் 1930-இலேயே ஒலிபரப்பு நடத்தி, மெரீனாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்துக் காற்று வாங்க வந்தவர்களுக்குச் சங்கீதம் கேட்கச் செய்திருந்தது. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின. யுத்தம் மூளுவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் தமிழ் நாட்டின் நடுவே சர்க்காரின் குரல் கேட்க வழி ஏற்பட்டிருந்தது. 1941 மே மாதத்தில் லண்டனிலிருந்தும் பி.பி.சி. தமிழில் பேச ஆரம்பித்தது. அங்கே கீழ்த்திசைப் பிரிவில் 1941 முதல் 1943 வரை வேலை பார்த்த ஜார்ஜ் ஆர்வெல் ஆங்கிலத்தில் எழுதிய செய்தி மடல்கள் வேறு சில இந்திய மொழிகளோடு தமிழிலும் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. பிற்காலத்தில் சர்வாதிகார சர்க்காரின் பொய்ப் பிரசாரத்தைப் பற்றி உலகமே நடுங்கும்படி ஒரு நவீனம் எழுதப்போகிறவருடைய வாக்கியங்கள், தணிக்கைக்காரரின் முத்திரையோடு தமிழர் வீடுகளுக்குள் வந்தன என்பது சரித்திரத்தின் அபூர்வமான சேர்க்கைகளில் ஒன்று.

ஆனால் ரேடியோப் பெட்டியின் திருகை யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் திருப்பலாம். பெர்லினும் டோக்கியோவும் பேசின. 1942-இன் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் ரேடியோ பேசிற்று. பிற்பாடு சிங்கப்பூரிலிருந்து தமிழிலேயே பேசிற்று. எதிரி நிலையத்துச் செய்தியைப் பரப்பினால் தண்டனை உண்டென்று எச்சரித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதையும், கேட்டதை நம்பிக்கையான நாலு பேரிடம் சொல்வதையும் எந்த எச்சரிக்கையால் தடுக்க முடியும்?

இந்த நிலையில்தான் சிங்கப்பூர் வீழ்ந்தது. எவராலும் வெல்ல முடியாத கோட்டையென்று வருஷக்கணக்காக விளம்பரப்படுத்தப்பட்ட அந்தத் தீவு, 1942 பிப்ரவரி 15-ந் தேதி 80,000-க்கு மேற்பட்ட போர்வீரர்களோடு சரணடைந்தது. மார்ச் 8-ந் தேதி ரங்கூன் போயிற்று. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் பர்மாவின் வயல்களிலும் வட்டிக் கடைகளிலும் துறைமுகங்களிலும் தமிழ் நாட்டின் எத்தனையோ கிராமங்களுக்கு ரத்த சம்பந்தம் இருந்தது. செட்டிநாட்டிலும் ராமநாதபுரத்திலும் தஞ்சையிலும், மகனிடமிருந்து கடிதம் வரவில்லை, கணவனைப் பற்றித் தகவல் இல்லை என்று தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு ரேடியோ கூறியதெல்லாம், நமது துருப்புகள் முன்கூட்டித் தயாரித்த நிலைகளுக்கு ஒழுங்காகப் பின்வாங்கின என்பதுதான்.

அப்புறம் அந்த மக்களே வந்துசேர்ந்தார்கள். கப்பலில் இடம் பிடித்தவர்கள் சிலர். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகளின் வழியாகவும் காலால் நடந்து, காலராவிலும் மலேரியாவிலும் உடன்வந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்ததையும், ஆளுகிறவர்கள் முதலில் கப்பலேறிப் போனதையும் அவர்கள் சொன்னார்கள். இந்தப் பாரபட்சத்தைக் காங்கிரஸ் மகாசபையும் பகிரங்கமாகக் கண்டித்தது. ரங்கூனில் கடையையும் வீட்டையும் போட்டுவிட்டு, மாற்றுத் துணியில்லாமல் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிய ஒருவனுடைய வார்த்தைக்கு முன்னால் எந்த அறிக்கை நிற்கும்? ஏப்ரல் மாதம் குண்டு வீச்சுச் செய்தி வந்தபோது, பயப்பட வேண்டாம், தற்காப்பு ஏற்பாடுகள் பூரணமாக இருக்கின்றன என்ற வாசகத்தைச் சென்னைவாசிகள் ரங்கூன்வாசிகளின் வாய்மொழியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; தெருமுனையில் நின்ற ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) வார்டனின் விசிலைவிட ரயில்வே அட்டவணையை நம்பினார்கள். அவர்கள் செய்தது விவேகமான காரியமென்றே நான் கருதுகிறேன்.

அதே வருஷம் தேசிய யுத்த முன்னணி என்ற ஸ்தாபனத்தைச் சர்க்கார் உண்டாக்கிற்று. ஜனங்களுக்குத் தைரியமூட்டுவதும் வதந்தியை ஒழிப்பதும் அதன் நோக்கங்கள். வதந்தியைப் பிரசங்கத்தால் ஒழிக்கலாம் என்று அதை நடத்தியவர்கள் நம்பியது பரிதாபம்தான். ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்களை ஒரே இரவில் சிறைக்குள் தள்ளிவிட்டு, அவர்களைப் பற்றிய செய்திகளையும் அடைத்துவிட்ட ராஜ்யத்தில் யார் அந்தப் பிரசங்கத்துக்குச் செவிகொடுப்பார்கள்? மறுவருஷம் வங்காளத்தில் லட்சோபலட்சம் பேர் பட்டினியால் மாண்டபோதும் அதே முறைதான் கையாளப்பட்டது. 1943 ஆகஸ்ட் 22-ந் தேதி கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை, ஆங்கிலேயரான ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸின் துணிவினால், தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே உலகம் அதை உணர்ந்தது. பஞ்சத்தைக் கண்ணால் கண்டு சித்திரமாகத் தீட்டிய சித்தபிரசாத்தின் சிறு நூலில் 5,000 பிரதிகளைச் சர்க்கார் பறிமுதல் செய்தது.

சுபாஷ் சந்திர போஸைப் பற்றிய செய்தி ஒன்றையும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1942 மார்ச் மாதக் கடைசியில், டோக்கியோவுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் அவர் இறந்துவிட்டாரென்று ராய்ட்டர் தெரிவித்தது. தேசம் துக்கித்தது, காந்தியடிகள் போஸின் தாயாருக்கு அனுதாபத் தந்தி அனுப்பினார். சில நாட்களில் அது தவறென்று தெரிந்தது. போஸின் குரலே வானொலியில் கேட்டது. காந்தியடிகள் மகிழ்ந்து மறுபடியும் தந்தி அனுப்பினார். டோக்கியோ போன வழியில் அந்தச் சமயத்தில் ஒரு விபத்து நடந்ததும், வேறு சில இந்தியர்கள் அதில் மாண்டதும் உண்மையே. ஆதலால் அது வேண்டுமென்றே கட்டிய கதையென்று துணிந்து கூறுவதற்கில்லை. ஆயினும் ஜனங்கள் அதிலிருந்து ஒன்றை மறக்க முடியாதபடி கற்றுக்கொண்டார்கள். 1945 ஆகஸ்டில் இரண்டாம் தடவையாக விமான விபத்துச் செய்தி வந்தபோது, நம்ப மறுத்தவர்கள் நினைவுகூர்ந்தது முதல் தடவையைத்தான். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கடைசிவரை நம்பவில்லை. 1956-இல் ஷா நவாஸ் கான் தலைமையில் அமைந்த குழு விபத்து நிகழ்ந்தது மெய்யே என்று முடிவு கூறியபோது, அந்தக் குழுவில் இருந்த போஸின் சகோதரரே உடன்படவில்லை. ஒரு சர்க்கார் இழந்த நம்பிக்கையை அதற்கடுத்து வந்த சர்க்காராலும் மீட்க முடியாமற் போயிற்று.

டாக்கிகளின் கதை வேறு விதமானது. படச்சுருள் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தபடியால், அதன் பங்கீட்டைக் கையில் வைத்திருந்த சர்க்காருக்குப் படத் தொழில் முழுவதும் கட்டுப்பட்டிருந்தது. பதினெட்டாயிரம், இருபதாயிரம் அடி நீளத்துக்கு ஓடிய தமிழ்ப் படங்கள் 11,000 அடிக்குள் அடங்க வேண்டுமென்று விதித்தார்கள். பிறகு, யுத்த முயற்சிக்கு அனுகூலமான படமும் எடுத்துக் கொடுக்கும்படி படாதிபதிகளை நெருக்கினார்கள். 1945-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 'பர்மா ராணி'யையும், கே. சுப்ரமணியம் 'மானசம்ரக்ஷண'த்தையும் வெளியிட்டது இவ்வாறுதான். ஆறு வருஷங்களுக்கு முன் கல்கியின் கதையைக் கொண்டு 'தியாக பூமி'யைப் படமாக்கி, தேசபக்திச் சுவை மிகுந்திருந்ததென்று அதற்குத் தடையையும் பெற்ற அதே சுப்ரமணியம், அதே எஸ்.டி. சுப்புலட்சுமியைக் கொண்டு யுத்தப் படம் எடுக்க நேர்ந்ததை எண்ணுந்தோறும் என் மனம் சங்கடப்படுகிறது. ஸ்டூடியோவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பிழைத்துக்கொண்டிருக்கும்போது படச்சுருள் வேண்டாமென்று எந்த முதலாளி சொல்வார்?

அந்தப் படங்கள் ஜப்பானியரைக் கொடியவர்களாகக் காட்டின. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆனால் அதே மலேயாத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்ததைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை வெளிவரவில்லை. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அந்த ராணுவத்து அதிகாரிகள்மீது விசாரணை தொடங்கியபோது அந்தச் செய்தியெல்லாம் வெள்ளமாய்ப் பாய்ந்தது.

யுத்தச் செய்திப் படங்களும் இருந்தன. 1943-இல் ஏற்பட்ட இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா தயாரித்த குறும்படங்களும், தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் வந்த 'இந்தியன் நியூஸ் பரேட்'டும் ஒவ்வொரு காட்சியிலும் திரையிடப்பட வேண்டுமென்று பாதுகாப்பு விதிகளின்படி கட்டாயமாக்கினார்கள். கொட்டகைக்காரர்கள் அதற்கு வாடகையும் கொடுத்தார்கள். இது அந்நியர் பிரசாரம் என்று வெறுத்த மத்திய சட்டசபை 1946-இல் பண உதவியை வெட்டி ஸ்தாபனத்தையே மூடச் செய்தது. அதன் பலனாக, 1947 ஆகஸ்ட் 15-ந் தேதி கொடியேற்றத்தைப் படம்பிடிக்கச் சுதந்திர இந்தியாவின் சர்க்காருக்குச் சொந்தமாக ஒரு படப்பிரிவு இல்லாமற் போயிற்று. அடுத்த வருஷமே பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கப்பட்டது. அணைகளும் ஆஸ்பத்திரிகளும் ஐந்தாண்டுத் திட்டங்களும் அதன் விஷயங்களாயின, யுத்தகாலத்துக் கட்டாயமோ கொட்டகை லைசென்ஸின் நிபந்தனையாக மாறிற்று, வாடகையும் தொடர்ந்தது.