இணைப்புக் குடும்பப்பெயர்

மணமக்கள் தங்கள் இருவரின் குடும்பப்பெயர்களையும் கலந்து உருவாக்கி, திருமணத்துக்குப் பின் சேர்ந்து ஏற்கும் புதுப்பெயர். அமெரிக்காவில் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு, 2005 முதல் 2013 வரை லாஸ் ஏஞ்சலீஸ் மேயராக இருந்த அந்தோனியோ வியாராய்கோசா. 1987இல் அந்தோனியோ வியாரும் கொரினா ராய்கோசாவும் மணந்தபோது பிறந்த பெயர் அது. முன்பெயரின் ஈற்றொலியும் பின்பெயரின் முதலொலியும் ரகரமே. ஒட்டுப்போட்ட தடம் தெரியாதபடி இரண்டும் அங்கே புணர்ந்துவிட்டன. மணவாழ்வு முறிந்த பிறகும் அந்தோனியோ அப்பெயரை விடவில்லை.

லாஸ் ஏஞ்சலீஸ் அமைந்துள்ள கலிஃபோர்னியாவில் முன்பு மனைவி கணவர் பெயரை ஏற்பது எளிதாக இருந்தது. மனைவியின் பெயரை ஏற்க விரும்பிய கணவரோ நீதிமன்ற மனு, கட்டணம், நாளிதழ் அறிவிப்பு என்று அலைய வேண்டியிருந்தது. வெளிப்படையான இந்த அநீதியை 2007ஆம் ஆண்டின் பெயர்ச் சமத்துவச் சட்டம் களைந்தது. 2009 முதல் திருமண உரிமப் படிவத்திலேயே இருவரும் கலவைப் பெயரை எழுதலாம். இரு குடும்பத்துக்கும் தொடர்பில்லாத பெயர் வேண்டுமானால் இன்றும் நீதிமன்றப் படி ஏறவேண்டும். உரிமம் கைக்கு வந்தபின் மனம் மாறினாலும் அதே வழிதான். ஆகவே கையெழுத்திடுமுன் ஒவ்வோர் எழுத்தையும் இருவரும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.