பழைய வேட்டை அம்புமுனைகள்: அடையாளம் காணலும் கூர்தீட்டலும்

வேட்டைக்கென இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கூரிய அலகுகளுடன் செய்யப்படும் அகன்ற அம்புமுனை ஆங்கிலத்தில் பிராட்ஹெட் எனப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வில் வேட்டை மறுமலர்ச்சி பெற்றபோது, இவ்வகை முனைகள் கைவினைப் பொருளாகத் தொடங்கித் தொழிற்சாலைப் பொருளாக வளர்ந்தன. அக்காலத்து முனைகளை இன்று சேகரிப்பவர்களும் உண்டு. மரபு வில்லில் பொருத்தி வேட்டைக்குக் கொண்டு செல்பவர்களும் உண்டு. இரு தரப்பினரின் தேவைகளும் நேர் எதிரானவை. சேகரிப்பாளருக்கு முனையின் பழைய விளிம்பு ஒரு வரலாற்றுச் சான்று. வேட்டைக்காரருக்கோ அதே விளிம்பு புதிதாகத் தீட்டப்பட வேண்டும். ஆகவே, ஒரு பழைய முனையை அடையாளம் கண்ட பிறகே அதன் மீது அரத்தை வைக்க வேண்டும்.

கூர்மை ஏன் முக்கியம்

துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தால் உடல் திசுக்களைச் சிதைக்கிறது. அம்பின் வேகமும் ஆற்றலும் அதைவிட மிகக் குறைவு. அம்புமுனை இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் வெட்டி, இரத்த இழப்பால் விலங்கை வீழ்த்துகிறது. மழுங்கிய முனை குழாய்களை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு செல்லக்கூடும். அவ்வாறு காயம்பட்ட விலங்கு தப்பி ஓடி நெடுநேரம் துன்புறும். எனவே கூர்மை என்பது வில் வேட்டையின் அறத்தோடு தொடர்புடையது.

வரலாறு

1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊருக்கு யாகி இனத்தின் கடைசி மனிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். 'மனிதன்' என்று பொருள்படும் இஷி என்னும் பெயரால் அவர் அழைக்கப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கிய அவர், எரிமலைக் கண்ணாடிக் கல்லிலும் புட்டிக் கண்ணாடியிலும் சில்லுகளை அழுத்திப் பெயர்த்து அம்புமுனைகளைச் செய்து காட்டினார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தையைக் கற்றார். 1916இல் இஷி இறந்த பிறகு, போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் எஃகு முனைகளுடன் பெரிய விலங்குகளை வேட்டையாடினர். 1923இல் வெளியான போப்பின் நூல் அமெரிக்க இளைஞர்கள் பலரை வில் வேட்டைக்கு இழுத்தது. அந்நாளில் வேட்டைக்காரர்கள் எஃகுத் தகட்டை வெட்டி, உலோகக் குழலில் பற்றவைத்துத் தம் முனைகளைத் தாமே செய்துகொண்டனர்.

1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லால் மான் வேட்டையாடத் தனிப் பருவத்தை அறிவித்தது. பிற மாநிலங்களும் அதைப் பின்தொடர, முனைகளுக்குச் சந்தை உருவானது. ஆர்கன்சாவில் பென் பியர்சன், மினசோட்டாவில் ஸ்விக்கி, மிச்சிகனில் பிரெட் பேர் ஆகியோரின் நிறுவனங்கள் முனைகளைப் பெருமளவில் விற்றன. பிரெட் பேர் 1956இல் அறிமுகப்படுத்திய ரேஸர்ஹெட், இரண்டு அலகு கொண்ட முனை. அதன் குழலில் இருந்த பிளவில் மெல்லிய துணை அலகு ஒன்றைச் செருகி, நான்கு வெட்டு விளிம்புகள் கொண்டதாக மாற்றலாம். புகழ்பெற்ற வில்லாளர் ஹோவர்ட் ஹில் வேறு வழியில் சென்றார். முனையின் நீளம் அதன் அகலத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நீண்ட ஒடுங்கிய முனை ஆழமாக ஊடுருவும். 1970களில் திருகிப் பொருத்தும் முனைகளும், மழுங்கியதும் எறிந்துவிட்டு மாற்றக்கூடிய அலகுகளும் பரவின. அதன் பிறகு முனையைத் தீட்டும் பழக்கம் பலரிடம் குறைந்தது.

அடையாளம் காணும் முறை

முதலில் குழலைப் பார்க்க வேண்டும். பழைய முனைகளில் பெரும்பாலானவை, கூம்பாகச் சீவிய மரத்தண்டின் நுனியில் பசையால் ஒட்டப்பட்டவை. திருகுமரை இருந்தால் அது பிற்காலத்தது எனக் கொள்ளலாம். ஆனால் ஒட்டும் வகை இன்றும் செய்யப்படுவதால், ஒட்டும் குழல் மட்டுமே பழமைக்குச் சான்றாகாது.

அடுத்தது இணைப்பு முறை. அலகும் குழலும் ரிவெட்டால் பிணைக்கப்பட்டனவா, புள்ளி வெல்டிங் செய்யப்பட்டனவா, ஈயப்பற்று வைக்கப்பட்டனவா என்று கவனிக்க வேண்டும். சீரற்ற பற்றும் கையால் அரம் போட்ட தடங்களும் வீட்டில் செய்த முனையைக் காட்டும். அலகில் உள்ள துளைகளின் வடிவம், நுனி தடிப்பாக்கப்பட்ட விதம், வண்ணப்பூச்சின் எச்சம், பொறிக்கப்பட்ட பெயர், காப்புரிமைக் குறிப்பு ஆகியவையும் உதவும். சில நிறுவனங்கள் ஒரே வடிவத்தைப் பல பத்தாண்டுகள் மாற்றாமல் செய்துவந்தன. எனவே பழைய விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட்ட பிறகே காலத்தை முடிவு செய்வது நல்லது. எடையும் ஒரு தடயமே. முனைகளின் எடை கிரெயினில் கூறப்படும். 125 கிரெயின் ஏறத்தாழ 8.1 கிராம்.

கூர்தீட்டும் முறை

அரிய முனை என்று தெரிந்தால் அதைத் தீட்டக் கூடாது. எண்ணெய் தடவி, மென்மையாகத் துடைத்துத் துருவை நிறுத்தினால் போதும். மின்கம்பித் தூரிகை பழைய பூச்சையும் பொறிப்பையும் அழித்துவிடும்.

பயன்படுத்தவிருக்கும் முனையானால், நுனி வளைந்திருக்கிறதா, அலகில் விரிசல் உள்ளதா, இணைப்பு ஆடுகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். இக்குறைகள் உள்ள முனை எய்வதற்கு ஏற்றதல்ல. பிறகு அதைச் சிறு தண்டுத் துண்டில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 25 பாகைக் கோணத்தில் அரத்தால் சீவ வேண்டும். விளிம்பின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழுந்ததும் முனையைத் திருப்பி அந்தப் பக்கத்தைச் சீவ வேண்டும். அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போனால் பிசிறு நீங்கும். அதன் பின் சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தேய்த்து முடிக்கலாம். ஒருபக்கம் மட்டும் சாய்வு கொண்ட முனைகளில் தட்டையான பக்கத்தைச் சீவக் கூடாது. பிசிறை நீக்குவதே போதும். மூன்று அலகு முனையில் இரண்டு அலகுகளை ஒருசேர அரத்தின் மீது படுக்கவைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமையும்.

மின்சாணையில் வைக்கும்போது எஃகு சூடேறி நீல நிறம் கொள்ளலாம். அது ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் தோன்றும் நிறம். அந்த இடத்தில் எஃகின் பதம் இளகி, கூர் நிலைக்காது. ஒட்டிய முனையைக் கழற்றத் தீயில் காட்டும்போதும் குழலை மட்டுமே சூடாக்க வேண்டும்.

எந்த அளவு தீட்டுவது என்பதில் பழைய வில்லாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஹில் போன்றோர் அரத்தின் நுண்பற்கள் கொண்ட விளிம்பே நன்றாக வெட்டும் என்றனர். சவரக்கத்தி போல் வழவழப்பாகத் தீட்டியதே சிறந்தது என்பது மற்றவர் கருத்து. இரண்டையும் ஒரே வழியில் சோதிக்கலாம்: இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தின் மீது விளிம்பை இலேசாக வைத்தாலே அது அறுபட வேண்டும். தீட்டிய விளிம்பில் எண்ணெய் தடவி, மூடியுள்ள அம்பறாத்தூணியில் வைப்பது முனைக்கும் அதை எடுத்துச் செல்பவருக்கும் பாதுகாப்பு.

ஒருமுறை சீவிய எஃகை மீண்டும் ஒட்ட முடியாது. தொழிற்சாலை விட்ட அரத்தடமும், முதல் உரிமையாளர் தீட்டிய கோணமும் சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆகவே அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் முனையைப் படமெடுத்து, எடையையும் அளவையும் குறித்துவைத்த பின்னரே, பொதுவாகக் கிடைக்கும் வகைகளை மட்டும் தீட்டிப் பயன்படுத்துகின்றனர்.