தட்டி வீடும் தகர ஷெட்டும்

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்களிடம் பெங்களூரில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஷெட்டுல." எந்தத் தெரு, எந்த ஏரியா என்பதெல்லாம் அதில் கிடையாது. கட்டடம் முடிந்தால் ஷெட்டும் போய்விடும். விலாசம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்த ஷெட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு: கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே இறங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து தமிழர்கள், அதிலும் பெரும்பாலும் தலித்துகள், சுரங்க வேலைக்குப் போனார்கள். (தர்மபுரி அப்போது சேலத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல்தான்.) அவர்களில் பெரும்பாலோர் குடியிருந்தது மூங்கில் தட்டி வீடுகளில். நிலம் கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போச்சு. சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு 1902-லேயே மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர் தெருவிளக்குக்கே 1905-ல்தான் வந்தது. இயந்திரத்துக்குக் காட்டிய அவசரத்தைத் தொழிலாளியின் வீட்டுக்கு யாரும் காட்டவில்லை. கடைசியில் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. ஆனால் லைன்களில் இன்றும் ஜனங்கள் இருக்கிறார்கள்.

பெங்களூர் ஷெட்டின் கதை நேர் எதிர். அது நிலைத்துவிடக் கூடாது என்று சட்டமே சொன்னது. 2025 வரை அமலிலிருந்த 1996-ம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 34-வது பிரிவு, வேலையிடத்திலோ பக்கத்திலோ முதலாளி இலவசமாகத் தற்காலிகத் தங்குமிடம் தர வேண்டும் என்றது. சமையல், குளியல், துணி துவைப்பு, கக்கூஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி வசதி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல சட்டம்தான். அதே பிரிவின் அடுத்த பகுதி, வேலை முடிந்ததும் தங்குமிடத்தைப் பிரித்து, தரையைச் சமன் செய்து சுத்தமாக விட்டுவிட வேண்டும் என்றது. கட்டடத்துக்கு ஆயுள் இரண்டு வருஷ வேலை என்றால் ஷெட்டுக்கும் இரண்டு வருஷம். ஆனால் அந்த ஆள் இருபது வருஷமாகப் பெங்களூரில் வேலை செய்கிறாரே, அந்தக் கணக்கு சட்டத்தில் எங்கேயும் இல்லை. பிள்ளை பாதியில் பள்ளியை மாற்றுவது அதனால்தான், அல்லது ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவது.

பொருள் வீணாகாமல் பார்த்துக்கொள்வதில் தகரத்தைக் குறை சொல்ல முடியாது. மேஸ்திரி அதே ஷீட்டைக் கழற்றி அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோகிறார். தட்டி மக்கிவிடும், தீயும் பிடிக்கும். ஆனால் ஏப்ரல் மத்தியானத்தில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பாருங்கள். நம்மூர் கரும்புச் சோகைக் கூரையின் அருமை தெரியும். நிலைத்த வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் ஷீட் எத்தனை முறை பயன்படுகிறது என்று எண்ணுகிறார்கள். அதற்கடியில் படுப்பவர் எத்தனை முறை இடம் மாறினார் என்று எண்ணுவதில்லை.

வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கட்டியது சிப்காட். அங்கே ஆட்கள் மாறுவார்கள், கட்டில் மாறாது. கட்டட வேலையில் சைட்டே நகர்வதால் இது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 1996-ல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலத்துக்கென்று செஸ் வசூலாகி வந்தது. ஓசூர் ரோட்டிலோ ஒயிட்ஃபீல்டிலோ வாடகைக் கட்டில் போட அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்தால் என்ன?