போத்தலுக்காக அழுத மனிதர்

பெருநாளைக்கு மறுநாள் கடற்கரைப் பக்கம் போனவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கு பார்த்தாலும் போத்தல். இந்த முறையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிரமதானத்துக்குப் போனோம். வழமையான பிரசங்கத்தையும் வைத்தோம்: "குப்பை போடுறதும் நாமதான், பொறுக்க வேண்டியதும் நாமதான்."

அமெரிக்காவில் இதே பேச்சை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு விளம்பரம் இருக்கிறது. அதன் கதையை வாசித்த பிறகு, அந்தப் பிரசங்கத்தை முன்பு போலச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

1971 ஏப்ரலில், பூமி தினத்தன்று வெளிவந்த ஒரு நிமிட விளம்பரம் அது. அமெரிக்கப் பழங்குடி உடை அணிந்த ஒருவர் ஆற்றில் படகு வலித்து வருகிறார். தண்ணீரில் குப்பை, பின்னால் ஆலைகளின் புகை. கரை ஏறி நெடுஞ்சாலை ஓரமாக நிற்கிறார். ஓடும் காரிலிருந்து யாரோ வீசிய குப்பைப் பை அவர் காலடியில் விழுந்து சிதறுகிறது. அவர் கெமராவைத் திரும்பிப் பார்க்கிறார். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். மாசு மனிதரால்தான் தொடங்குகிறது, மனிதரால்தான் அதை நிறுத்தவும் முடியும் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. விளம்பரம் என்ற வகையில் அதை மிஞ்ச ஆளில்லை. பார்த்த பிள்ளைகளுக்குப் பல வருடம் கழித்தும் அந்த முகம் மறக்கவில்லை.

அந்தக் கண்ணீர் கிளிசரின். அழுதவர் பழங்குடியும் அல்ல. அயன் ஐஸ் கோடி என்று பெயர் பெற்ற அந்த நடிகர், லூசியானாவில் இத்தாலியக் குடியேறிகளுக்குப் பிறந்தவர் என்று 1996 இல் ஒரு பத்திரிகை வெளிப்படுத்தியது. அதையாவது நடிப்பு என்று விட்டுவிடலாம். காசு யாருடையது என்பதுதான் எங்களை உறுத்தியது.

விளம்பரம் 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்புக்காகச் செய்யப்பட்டது. 1953 இல் அதைத் தொடங்கியவர்கள் தகர டின்னும் போத்தலும் செய்கிற கம்பனிக்காரர்கள். குளிர்பானக் கம்பனிகளும் சேர்ந்துகொண்டன. அதற்கு முன் அங்கேயும் எங்கள் சின்ன வயதுச் சோடாப் போத்தல் கதைதான். வெறும் போத்தலைக் கடை நானாவிடம் திருப்பிக் கொடுத்தால் டிபொசிட் காசு கைக்கு வரும். அந்தக் காசுக்கு டொபி வாங்கலாம். றோட்டில் கிடக்கும் போத்தலை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். திருப்பி எடுத்து, கழுவி, மறுபடி நிரப்புகிற செலவைக் கம்பனிகள் கைகழுவி, ஒருமுறை பாவித்து எறியும் டின்னும் போத்தலும் பரவிய பிறகுதான் தெருவோரம் நிறைந்தது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. வெர்மொன்ட் மாநிலம் 1953 இலேயே திருப்பி எடுக்காத பியர் போத்தல்களைத் தடை செய்தது. நாலு வருடத்தில் அந்தச் சட்டம் காலாவதியானது. 1971 இல், அந்தக் கண்ணீர் ஓடிய அதே வருடம், ஒரிகன் மாநிலம் போத்தலுக்கு டிபொசிட் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அப்படியான சட்டங்களை எதிர்த்து நின்றவர்களில் அழகான அமெரிக்காவுக்குக் காசு போட்ட அதே கம்பனிகளும் இருந்தன. அந்த அமைப்புக்கு ஆலோசகர்களாக இருந்த சூழலியல் சங்கங்கள் 1976 இல் விலகிக்கொண்டதும் இந்தச் சண்டையில்தான். 2023 இல் விளம்பரத்தின் உரிமை பழங்குடி மக்களின் தேசிய அமைப்பு ஒன்றின் நிதியத்திடம் கொடுக்கப்பட்டது. இனி அதைச் சும்மா ஓட்ட முடியாது.

காரிலிருந்து எறிந்தவர் நல்லவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் போத்தலைச் செய்தவர் ஒரு தடவையாவது முகம் காட்டினாரா? இத்தனை வருடம் நாங்களும் அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறோம். வெயிலில் குனிந்து பொறுக்கும் பிள்ளையைப் பார்த்து, பிழை உன்னுடையது என்று.

போன சனிக்கிழமை மறுபடி போனோம். இந்த முறை பிரசங்கம் இல்லை. பொறுக்கிய ஒவ்வொரு போத்தலையும் திருப்பி லேபலை வாசித்து, கம்பனிப் பெயரைக் கொப்பியில் கோடு போட்டு எண்ணச் சொன்னோம். ஒரு பக்கம் முழுக்க மூன்று பெயர்தான் வந்தது. "சேர், இவங்களுக்கு ஒரு கடிதம் போடுவோமா?" என்று பின்வாங்கில் இருந்து ஒரு மகள் கேட்டாள். தமிழில் எழுதுவதா சிங்களத்தில் எழுதுவதா என்பதில்தான் இப்போது வகுப்பில் சண்டை.