மியூராவா, எஃப்40-ஆ?

இன்னிக்கு ரெண்டு இத்தாலிய கார்கள்: 1966-ல் வந்த லம்போர்கினி மியூரா, 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40.

மியூரா ஜெனீவா கண்காட்சிக்கு வந்தப்போ, அதன் தலைமைப் பொறியாளர் டல்லாராவுக்கு வயசு 29. நம்ம வயசுதான்! 12 சிலிண்டர் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னாடி குறுக்குவாட்டில் வெச்சாங்க. இடம் பத்தல. அதனால ஆரம்பகால கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியர் தேய்ஞ்சு உதிர்ற துகள் இன்ஜினுக்குள்ளயும் சுத்தும். அதைவிட வம்பு, முன்பக்கம் இருந்த பெட்ரோல் டேங்க். பெட்ரோல் தீரத் தீர முன்பாரம் குறையும். அதிவேகத்தில் மூக்கு லேசாகி, ஸ்டியரிங் பிடிமானம் போயிடும். காந்தினி வரைந்த உடல் என்னவோ, இன்னிக்கும் கண்ணை எடுக்க முடியாது.

எஃப்40-க்கு அந்த அழகு இல்ல. ஃபெராரியின் 40-ஆவது ஆண்டுக்காக, என்ஸோ ஃபெராரியின் 89-ஆவது வயசில் வந்த கார். அடுத்த வருஷம் அவர் இறந்துட்டார். 2.9 லிட்டர், 8 சிலிண்டர், ரெண்டு டர்போ. கார்பெட் கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறு, அவ்வளவுதான். பின்னாடி இருக்கிற பெரிய விங் அலங்காரம் இல்லைங்க, காரைத் தரையோடு அமுக்கத்தான்.

நிறுத்திவெச்சுப் பார்க்க மியூரா போதும். 250 கிலோமீட்டர் வேகத்துல போகணும்னா, எஃப்40 சாவியைக் குடுங்க.