நஷ்டத்தை முதலிலேயே ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்கு வட்டி குறைவது ஏன்?

கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹவுரா மாவட்டமே இந்தத் தொழிலுக்குப் பேர்போனதுதான். 1 கோடி ரூபாய் செலவில் செய்த சரக்கு குடோனில் கிடக்கிறது. இன்றைக்குச் சந்தையில் 70 லட்சத்துக்கு மேல் போகாது. கணக்கில் எதை எழுதுவது?

70 லட்சம்தான். விற்கும்வரை காத்திருக்க இந்தியக் கணக்கியல் விதி விடாது. விலை ஏறி 1.30 கோடிக்குப் போகும் என்றாலோ, விற்கும்வரை 1 கோடிதான். கெட்ட செய்தி உடனே, நல்ல செய்தி கைக்கு வந்த பிறகு. இதைத்தான் 'கன்சர்வேடிவ் அக்கவுன்டிங்' என்கிறார்கள்.

"லாபம் கம்மியா தெரியுமே, பேங்க் கடன் கொடுக்குமா?" என்று கேட்பீர்கள். கடன் கொடுப்பவர் இடத்திலிருந்து பாருங்கள். நீங்கள் பத்து மடங்கு சம்பாதித்தாலும் அவருக்கு அசலும் வட்டியும்தான். நீங்கள் விழுந்தால் அவர் பணமும் போச்சு. அதனால் அவருக்கு வேண்டியது கெட்ட செய்தி, அதுவும் சீக்கிரமாக. அது கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் குறைந்த வட்டிக்கே கொடுப்பார். அமெரிக்கக் கடன்களை வைத்து 2008-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது; நாடுகளை ஒப்பிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு யெஸ் பேங்க் போதும். 2015-16-க்கு வாராக்கடன் 749 கோடி என்று காட்டியது. ரிசர்வ் வங்கி பார்த்தபோது 4,926 கோடி! அடுத்த ஆண்டும் 6,355 கோடி வித்தியாசம். 2020 மார்ச் 5-ல் வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தது. டெபாசிட்தாரர்களால் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. 8,415 கோடி ரூபாய் பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

எல்லா நாட்டிலும் ஒரே கதை இல்லை. பிரிட்டன், அமெரிக்காவில் நஷ்டம் கணக்கில் சீக்கிரம் ஏறுகிறது. ஜெர்மனி, ஜப்பானில் மெதுவாக என்று 2000-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அங்கெல்லாம் வங்கி நிறுவனத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், நேரில் கேட்டுக்கொள்ளும். கணக்குப் புத்தகத்தை நம்பவேண்டிய அவசியம் குறைவு. சட்டமும் முக்கியம். நஷ்டம் தெரிந்தும் பணத்தை மீட்க வழியில்லை என்றால் தெரிந்து என்ன பயன்? நம் ஊரில் 2016-ல் வந்த திவால் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது.

எச்சரிக்கை அளவு மீறினாலும் சிக்கல்தான். இந்த ஆண்டு நஷ்டத்தை ஊதிக் காட்டி, அடுத்த ஆண்டு அதையே லாபமாக எடுப்பவர்களும் உண்டு.

வங்கிப் பங்கு வாங்கும் யோசனை இருந்தால், ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் 'டைவர்ஜென்ஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்டதற்கும் வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதை அங்கே சொல்லியாக வேண்டும் என்பது 2017 முதல் விதி.