நாயின் நாக்கை மறந்த களிம்பு

1950களில் அமெரிக்கச் சாலையோர விளம்பரப் பலகைகளில் ஒரு படம் வெகு பிரபலம். கடற்கரையில் ஒரு சின்னப் பெண். அவளுடைய நீச்சலுடையைப் பின்னாலிருந்து கவ்வி இழுக்கிறது ஒரு கறுப்புக் காக்கர் ஸ்பேனியல் குட்டி. உடை நழுவிய இடத்தில் தோல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெயிலில் காய்ந்து பழுப்பேறியிருக்கிறது. விற்கப்பட்ட சரக்கு காப்பர்டோன். வெயில் களிம்பை விற்க நாயைக் கூட்டிவந்தவர்கள், நாய்க்கும் வெயில் சுடுமே என்று யோசித்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்தக் களிம்பின் பூர்வீகம் கால்நடை மருந்துப் பெட்டிதான்.

கதை எண்ணெய்க் கிணற்றில் தொடங்குகிறது. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் பெட்ரோலியம் கிடைத்தபோது, துளையிடும் கம்பிகளில் மெழுகு போன்ற கசடு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்தது. தொழிலாளர்கள் அதைத் திட்டிக்கொண்டே வழித்தெடுத்து, வெட்டுக் காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் தடவிக்கொண்டார்கள். ராபர்ட் செஸ்ப்ரோ என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்து 1872இல் வாஸலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். நன்றாகச் சுத்திகரித்த வெள்ளை ரகம் மனிதர்களுக்குப் போயிற்று. அவ்வளவாகச் சுத்திகரிக்காத, செந்நிறம் மாறாத ரகத்துக்குக் கால்நடை வாஸலின் என்றே பெயர் விழுந்தது.

இரண்டாம் உலகப் போர் அந்தச் சிவப்பு ரகத்துக்கு மவுசு தேடித் தந்தது. பசிபிக் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகள் ரப்பர் படகில் நாள்கணக்கில் மிதந்தார்கள். தலைக்கு மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில். அவர்களுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் தேடியபோது தேறியது இந்தக் கால்நடை வாஸலின்தான். விலை மலிவு, உப்புத் தண்ணீரில் கரையாது, சூட்டில் கெடாது, தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கைத் தடுத்துவிடும். பிசுபிசுப்பும் சிவப்பு நிறமும்தான் தொல்லை. உயிர் பிழைத்தால் போதும் என்று இருப்பவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. மயாமியில் பெஞ்சமின் கிரீன் என்ற மருந்தாளுநர் அந்த வாஸலினோடு கொக்கோ வெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து, 1944இல் காப்பர்டோனை உருவாக்கினார், தன் வழுக்கைத் தலையிலேயே தடவிப் பார்த்தார் என்பது அந்தப் பொருளோடு சேர்ந்தே வழங்கும் கதை.

ஐரோப்பாவில் அதற்கு முன்பே கடை விரித்தாகிவிட்டது. லோரியால் நிறுவனர் யூஜின் ஷூலர் 1930களின் நடுவில் ஆம்ப்ர் சோலேர் என்ற எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதில் வெயிலைத் தடுத்த பொருள் பென்ஸைல் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரன். ஆஸ்திரியரான ஃபிரான்ஸ் கிரைட்டர் 1938இல் பிட்ஸ் புயின் சிகரம் ஏறியபோது வெயிலில் வெந்துபோனார். 1946இல் பனிமலை ஏறுபவர்களுக்கென்று ஒரு கிரீமைக் கொண்டுவந்தார். இன்று குப்பிகளில் அச்சிடும் எஸ்.பி.எஃப். என்ற அளவை நிலைநாட்டியவர்களிலும் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

இந்த எஸ்.பி.எஃப். எண்ணைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மனிதத் தன்னார்வலர்களின் முதுகில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பு தடவி, விளக்கொளி பாய்ச்சி, தோல் சிவக்க எவ்வளவு ஒளி தேவைப்படுகிறது என்று கணக்கிடுகிறார்கள். தடவாத தோல் சிவக்கத் தேவையான ஒளியைப் போல எத்தனை மடங்கு என்பதே அந்த எண். ரோமமில்லாத மனிதத் தோலை வைத்துப் போட்ட கணக்கு இது. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெலிது. அதன் மேல் ரோமம் வேறு. ஆகவே நாய்க்கான குப்பியில் 30 என்றோ 50 என்றோ போட்டிருந்தால், அந்த எண் மனிதனிடம் கடன் வாங்கியது.

நாய்க்கு வெயில் நோய் வரும் என்பது கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக் இன நாய்களுக்கு மூக்கின் மேற்பகுதியில் நிறம் வெளுத்து, பொருக்குத் தட்டி, புண்ணாகும். இதற்குக் 'கோலி மூக்கு' என்றே பெயர். கோடையில் முற்றும், குளிர்காலத்தில் தணியும் என்பதால் பழியெல்லாம் வெயில் மேல் விழுந்தது. நிறம்தானே போயிற்று, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று மயக்க மருந்து கொடுத்து மூக்கில் கறுப்பு மையால் பச்சை குத்தினார்கள். 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, அந்த மூக்குகளில் பல உண்மையில் டிஸ்காய்ட் லூபஸ் என்ற நோயால் பாதிக்கப்பட்டவை என்று காட்டியது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்கும் நோய் அது. வெயில் அதைக் கிளறிவிடும். ஆனால் வேர் வேறு. அதுவரை பச்சை குத்திக்கொண்ட நாய்களில் எத்தனையோ வீணாக ஊசி வாங்கியிருக்கும்.

அதற்காக வெயில் நிரபராதி என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கதிரியக்கத்தின் நீண்டகால விளைவை அறிய நூற்றுக்கணக்கான பீகிள் நாய்களைத் திறந்தவெளிக் கூண்டுகளில் ஆயுள் முழுதும் வைத்திருந்தார்கள். அந்த நாய்களின் ரோமம் குறைந்த, நிறமற்ற அடிவயிற்றில் வெயில் புண்ணும், அதை ஒட்டித் தோல் கட்டிகளும் வந்திருந்தன என்று 1992இல் எழுதினார்கள். கதிரியக்கத்தைத் தேடிப் போனவர்களிடம் சூரியன் மாட்டிக்கொண்டது. அடிவயிறு எப்படி? வெயில் காய நாய் மல்லாந்து படுக்கும். தவிர, வெளிறிய தரை வெயிலைத் திருப்பி அடிக்கும். டால்மேஷியன், வெள்ளை புல் டெரியர், விப்பெட் ஆகிய இனங்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. புற்றாகவும் முற்றலாம்.

சரி, அப்படியானால் வீட்டில் இருக்கும் சன்ஸ்கிரீனை எடுத்து நாயின் மூக்கில் தடவிவிடலாமே? பல வீடுகளில் நடப்பது அதுதான். சிக்கலும் அங்கேதான். மனிதன் தடவியதை நக்குவதில்லை. நாய் தடவிய மறு நிமிடமே மூக்கை நக்கிவிடும். தோலுக்கு மேலே இருக்கும்வரை என்ற நினைப்பில் உருவான பொருள், நாயின் விஷயத்தில் வயிற்றுக்குள் போகும் பொருளாகிவிடுகிறது.

வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அமெரிக்க நாணயம் சாட்சி. 1982இன் நடுவிலிருந்து அந்த நாடு அடித்த ஒரு சென்ட் காசு 97.5 சதவீதம் துத்தநாகம். மேலே மெல்லிய செம்புப் பூச்சு. அதை விழுங்கிய நாய்களின் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்தத்தில் ஏறி, சிவப்பணுக்களை உடைத்தது. ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்து, கடும் ரத்தசோகையோடு மருத்துவரிடம் வந்த நாய்கள் ஏராளம். சன்ஸ்கிரீனில் இருக்கும் துத்தநாக ஆக்ஸைடு அதே உலோகத்தின் இன்னொரு வடிவம். ஒரு தடவை கொஞ்சம் நக்கினால் பெரும்பாலும் வாந்தியோடு போய்விடும். ஆனால் தினமும் தடவி, தினமும் நக்கினால் கதை வேறு. குழந்தைகளின் டயபர் புண்ணுக்கான களிம்புகளில் துத்தநாக ஆக்ஸைடு 40 சதவீதம் வரைக்கும் இருக்கிறது. அதை நாயின் மூக்கில் தடவுவதும் வழக்கமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சன்ஸ்கிரீன் மூலப்பொருள்களை மறுபரிசீலனை செய்து வெளியிட்ட வரைவு விதியில், பாதுகாப்பும் பலனும் உறுதியானவை என்று முன்மொழிந்தவை இரண்டே இரண்டு: துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும். மனிதனுக்கு முதல் வகுப்பில் தேறிய பொருள்தான் நாய்க்கு முதலில் விலக்க வேண்டிய பொருள்.

அடுத்தது சாலிசிலேட் குடும்பம். ஆம்ப்ர் சோலேர் காலம் தொட்டு இது சன்ஸ்கிரீனை விட்டு அகலவில்லை. ஆக்டிசாலேட், ஹோமோசாலேட் என்ற பெயர்களில் இன்றும் குப்பியின் பின்பக்கத்தில் பார்க்கலாம். அளவு மீறினால் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும். பூனைக்கு இன்னும் மோசம். சாலிசிலேட்டை உடலிலிருந்து வெளியேற்றப் பூனைக்கு நாயைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. வீட்டில் இரண்டும் இருந்து, ஒன்றை ஒன்று நக்கிக் கொடுக்கும் என்றால் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெயிலால் கெட்ட மனிதத் தோலுக்குத் தரும் ஃப்ளூரோயுராசில் கிரீமின் கதை இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. இது சன்ஸ்கிரீன் அல்ல, புற்றுநோய் மருந்து. ஆனால் அதே அலமாரியில், அதே மாதிரிக் குழாயில் இருக்கும். இதைத் தவறுதலாக உட்கொண்டு ஐந்து நாய்கள் செத்ததாக வந்த புகார்களை வைத்து, 2017 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. ஒரு வீட்டில் நாய் குழாயைக் கடித்து விளையாடியது. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, அப்புறம் வலிப்பு, பிறகு மரணம்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு ராஜபாளையம் நாயிடம் வந்து நிற்கிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய்த் தபால்தலைகளில் ஒன்று இதற்குத்தான். பால் வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு: இதுதான் அழகு என்று தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்த்த இனம். அந்த அழகே தோலில் நிறமி இல்லாததன் அடையாளம். குட்டை ரோமம் அதிகம் மறைப்பதுமில்லை. புத்தகங்கள் டால்மேஷியனுக்குச் சொல்வதெல்லாம் விருதுநகர் வெயிலில் நிற்கும் இந்த நாய்க்கும் பொருந்தும்.

ராஜபாளையமோ, வெள்ளைப் பாக்ஸரோ வளர்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாதது: காலை பத்து முதல் மாலை நான்கு வரை நிழலில் கட்டுங்கள், வெளியே கூட்டிப்போனால் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுவிடுங்கள். அதற்கு மேலும் களிம்பு வேண்டுமென்றால், துத்தநாகமும் சாலிசிலேட்டும் வாசனையும் இல்லாததாக, நாய்க்கென்று செய்ததாகக் கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். முதலில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். தடவும்போதெல்லாம் காயும்வரை நக்கவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மீறி ஏதாவது குழாயை நாய் கடித்துவிட்டால், அந்தக் குழாயைத் தூக்கி எறியாமல் கையோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.